கசிவைத் தேடி

இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களில் மலைச்சரிவெங்கும் தேயிலைத் தோட்டங்களும் ஏலத் தோட்டங்களும் பரந்து கிடக்கின்றன. போடிமெட்டு, குமுளி மலைவழிகளில் ஏறிவந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இத்தோட்டங்களில் உழைத்து வருகின்றன. அவர்களுள் பலர் வாழும் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். ஒரே நீண்ட கூரை. ஒரு சுவருக்கு இருபுறமும் இரண்டு குடும்பங்கள். எல்லார்க்கும் பொதுவான முற்றம். நீரும் பெரும்பாலும் பொதுவே. மேட்டிலுள்ள ஊற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ குழாய்வழி இறங்கும் நீர் ஒரு தொட்டியில் நிறைகிறது. அங்கிருந்து கிளைக்குழாய்கள் மண்ணுக்குள் புதைந்து ஒவ்வொரு வரிசைக்கும் செல்கின்றன.

மாலையில் நிறைந்திருந்த அத்தொட்டி விடியுமுன் பாதியாகிவிட்டால் என்ன நேரும்? கடைசி வீட்டுக் குழாயில் நீருக்குப் பதிலாகக் காற்று சீறும். வேலைக்குப் புறப்படும் நேரத்தில் குடங்கள் வரிசையில் காத்துக் கிடக்கும். குழாய் உடைந்திருக்கலாம் என்ற எண்ணம் எவர்க்கும் முதலில் தோன்றுவதில்லை. மேல் வரிசையில் யாரோ இரவு முழுவதும் குழாயைத் திறந்துவிட்டார்கள், யாரோ வாழைக்கு நீர் பாய்ச்சினார்கள், யாரோ உறவினர் வீட்டிற்கு ஓஸ் போட்டுக் கொடுத்தார்கள் என்றே பேச்சு எழும். நீர் மண்ணுக்குள் மறைவதால், குற்றம் மனிதர்மேல் விழுகிறது. மறைந்து கசியும் நீரைக் கண்டுபிடிப்பது குழாய்ப் பணியாளரின் வேலை மட்டுமன்று. பல குடும்பங்கள் ஒன்றுகூடிச் செய்யவேண்டிய வேலையும் ஆகும்.

ஈரம் இருக்குமிடம் வேறு, ஓட்டை இருக்குமிடம் வேறு

கசிவைத் தேடுவோர் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஈரம் தெரியும் இடத்தில் மண்வெட்டியைப் போட்டுவிடுகின்றனர். மலைச்சரிவில் இது பெரும்பாலும் வீண் உழைப்பாகவே முடியும். குழாய் புதைப்பதற்காகத் தோண்டி மூடிய பள்ளத்தின் மண், சுற்றியுள்ள மண்ணைவிடத் தளர்ந்திருக்கும். ஓட்டையிலிருந்து வெளியேறும் நீர் அத்தளர்ந்த மண்ணின் வழியே குழாயை ஒட்டியே கீழ்நோக்கி நழுவும். அடியில் பாறை தட்டினால் பாறையின்மேல் வழிந்து ஓடும். மண் மெல்லியதாக உள்ள ஓரிடத்தில், ஓட்டைக்குப் பல மீட்டர் கீழே, அது தலைகாட்டும்.

மழைக்காலத்தில் வேறொரு குழப்பமும் சேரும். தென்மேற்குப் பருவமழை பெய்யும் திங்களில் இடுக்கி மலைகளில் எங்கு பார்த்தாலும் ஊற்று. எங்கு மிதித்தாலும் ஈரம். ஊற்று நீர் எது, குழாய் நீர் எது என்று கண்ணால் பிரித்தறிய இயலாது. குழாய் நீரில் குளோரின் கலக்கப்பட்டிருந்தால், ஈரத்திலிருந்து சிறிது நீரை எடுத்துக் குளோரின் சோதனை செய்து பார்க்கலாம். குளோரின் இருப்பதாகத் தெரிந்தால் அது குழாய் நீரே. கலக்கப்படாத தோட்டங்களில் இந்த வழி பயன்படாது. கோடைவரை பொறுத்திருந்து தேடுவதே எளிது.

பாலக்காட்டின் கிழக்கெல்லையில் நிலைமை வேறு. சிற்றூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் ஆகிய பகுதிகள் கேரளத்தின் பிற பகுதிகளைக் காட்டிலும் மழை குறைந்தவை. இங்குச் சில இடங்களில் கரிசல் மண் உண்டு. கரிசல் மண் நீரை உண்டு பருக்கும். கோடையில் காய்ந்து சுருங்கி வெடிக்கும். ஆண்டுதோறும் நிகழும் இந்தப் பருத்தலும் சுருங்கலும் புதைந்துள்ள குழாயை இழுத்துத் தள்ளி, இணைப்புகளைத் தளர்த்திவிடுகின்றன. சமநிலமாதலால் கசியும் நீர் வெளியே வராமல் நேரே கீழிறங்கி மறைந்துபோகும். ஆயினும் கோடை ஒரு துப்பைக் கொடுக்கும். எங்கும் புல் காய்ந்து கிடக்க, ஒரு பட்டை மட்டும் பச்சையாக நின்றால், எங்கும் நிலம் வெடித்திருக்க, ஓரிடம் மட்டும் வெடிக்காதிருந்தால், அதனடியில் நீர் இருக்கிறது என்று ஐயுறலாம்.

எண்ணிக்கையின் வலிமை

சிறு ஓட்டைதானே என்று எளிதாக எண்ணிவிடக் கூடாது. தொட்டியிலிருந்து 30 மீட்டர் தாழ்வில் உள்ள குழாயில் 3 மில்லிமீட்டர் அகலமுள்ள ஓட்டை விழுந்தால், ஒரு நிமிடத்திற்கு ஏறக்குறைய 6 லிட்டர் நீர் வெளியேறும் என்று கணக்கிடலாம். ஒரு நாளில் அது ஏறத்தாழ 9000 லிட்டர். 15 லிட்டர் கொள்ளும் குடத்தால் அளந்தால் 600 குடம். மலைப்பகுதியில் தொட்டி மேட்டிலும் வீடு பள்ளத்திலும் இருப்பதால் குழாயினுள் அழுத்தம் மிகுதி. ஆகவே சமவெளியில் சிறிதாகத் தோன்றும் ஓட்டை மலையில் பெரும் இழப்பாகிறது.

இழப்பு எவ்வளவு என்பதை அறியக் கருவி ஏதும் வேண்டியதில்லை. ஒரு நேர்க்கோலும் ஒரு கடிகாரமும் போதும். எடுத்துக்காட்டாக, முப்பது வீடுகள் கொண்ட ஒரு லயக் குடியிருப்பு உள்ளது எனக் கொள்க. மேல்வரிசை, நடுவரிசை, கீழ்வரிசை என மூன்று வரிசைகள். வரிசைக்குப் பத்து வீடுகள். தொட்டியின் நீளம் 3 மீட்டர், அகலம் 2 மீட்டர். அதில் நீர்மட்டம் 1 சென்டிமீட்டர் குறைந்தால் 60 லிட்டர் போயிற்று என்று பொருள். இரவு பத்து மணிக்கு எல்லா வீட்டாரும் தத்தம் குழாய்களை மூடிவிட வேண்டும். தொட்டிக்குள் வரும் நீரையும் நிறுத்திவிட வேண்டும். கோலைத் தொட்டியில் நிறுத்தி நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு, விடியற்காலை நான்கு மணிக்கு மீண்டும் பார்க்க வேண்டும்.

ஆறு மணி நேரத்தில் மட்டம் 12 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் 720 லிட்டர் நீர் எவரும் பயன்படுத்தாமலே போயிருக்கிறது. நாளொன்றுக்கு 2880 லிட்டர். அதாவது 192 குடம். வீட்டிற்கு ஆறு குடத்திற்கும் மேல். மூடிய தொட்டியிலிருந்து குளிர்ந்த இரவில் ஆவியாகும் நீர் இதன்முன் ஒரு பொருட்டன்று.

இச்சோதனையில் கடினமான பகுதி கோலும் கணக்கும் அல்ல. முப்பது வீட்டாரும் ஒரே இரவில் குழாயை மூடச் சம்மதிப்பதே கடினம். ஒரு வீட்டில் மறந்துபோய் ஒரு வாளி நீர் பிடித்தாலும் எண் பொய்யாகிவிடும். பகைமை முற்றிய குடியிருப்பில் ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒருவர் தொட்டியருகே நின்று ஒன்றாக மட்டத்தைக் குறிப்பது நல்லது. எவரும் எவர் சொல்லையும் நம்பவேண்டிய தேவை அங்கு இல்லை. கோலில் உள்ள கோட்டை எல்லாரும் பார்க்கிறார்கள்.

மறுநாள் இரவு தொட்டியிலிருந்து வெளியேறும் வால்வையே மூடிவிட்டுப் பார்க்க வேண்டும். மட்டம் இறங்காவிட்டால் தொட்டியில் பழுதில்லை, குழாயில்தான் கசிவு. இறங்கினால் தொட்டியின் தரையோ சுவரோ விரிந்திருக்கிறது. இந்த எளிய சோதனையைச் செய்யாமல் குழாய்ப்பாதை முழுவதையும் தோண்டிப் பார்த்துக் களைத்தவர்களும் உண்டு.

லிவர்பூல் நகரத்து இரவுகள்

இரவில் நீரை அளந்து கசிவைத் தேடும் முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடும் நீர்ப்பஞ்சம் நிலவியது. நீர் வீணாவதைத் தடுக்க, நாளில் சில மணி நேரம் மட்டுமே குழாயில் நீர் விடப்பட்டது. அந்நகரின் பொறியாளர் ஜார்ஜ் டீக்கன் 1873 ஆம் ஆண்டில் ஒரு கருவியை உருவாக்கினார். ஒரு தெருப்பகுதிக்குச் செல்லும் குழாயில் அது பொருத்தப்படும். கடிகாரத்தால் சுழலும் உருளையில் ஒரு தாள் சுற்றப்பட்டிருக்கும். நீரோட்டம் கூடக் குறைய ஓர் எழுதுகோல் அத்தாளில் கோடு இழுக்கும்.

ஊர் உறங்கும் நள்ளிரவிலும் அக்கோடு தாழாமல் நேராகச் சென்றால், குடிப்பவர் இல்லாமலே நீர் ஓடுகிறது என்று பொருள். உடனே பணியாளர்கள் தெருவில் இறங்குவர். ஒவ்வொரு வீட்டின் அடைப்பு வால்வையும் ஒன்றன்பின் ஒன்றாக மூடுவர். மூடிய நேரத்தைக் குறித்துக்கொள்வர். வால்வைத் திருப்பும் நீண்ட சாவியின் மறுமுனையைக் காதில் வைத்து, உள்ளே நீர் ஓடும் ஓசை கேட்கிறதா என்றும் பார்ப்பர். காலையில் தாளை எடுத்துப் பார்த்தால், எந்த நேரத்தில் கோடு சடாரென்று இறங்கியதோ அந்த நேரத்தில் மூடிய வால்வுக்கு அப்பால் கசிவு இருப்பது தெரியும். கசிவுகள் அடைக்கப்பட்ட பகுதிகளில் இரவும் பகலும் இடைவிடாது நீர் வழங்க முடிந்தது.

இதே முறையை லயத்துத் தொட்டியிலும் கையாளலாம். எல்லாக் கிளைகளும் திறந்திருக்க, இரண்டு மணி நேரத்தில் மட்டம் 4 சென்டிமீட்டர் இறங்குகிறது. கீழ்வரிசைக் கிளையை மூடியபின்னும் அடுத்த இரண்டு மணி நேரத்தில் அதே 4 சென்டிமீட்டர் இறங்குகிறது. நடுவரிசைக் கிளையையும் மூடியவுடன் மட்டம் அசையாமல் நிற்கிறது. கீழ்வரிசைப் புழக்கடையில் ஈரம் கண்டு அவ்வரிசையாரை எல்லாரும் பழித்திருக்கக் கூடும். ஓட்டையோ நடுவரிசைக் குழாயில் இருக்கிறது.

செவியும் கருவியும்

கிளை தெரிந்தபின், அதில் எந்த இடம் என்பதைச் செவியால் தேட வேண்டும். அழுத்தத்தில் உள்ள நீர் சிறு துளை வழியே பீறிடும்போது சீறல் ஓசை எழும். அவ்வோசை குழாயின் உலோகத்தின் வழியே நெடுந்தொலைவு செல்லும். உலோகக் கோலின் ஒரு முனையை வால்விலோ குழாயிலோ ஊன்றி, மறுமுனையைக் காதோடு சேர்த்து வைத்தால் அது கேட்கும். மருத்துவர் நெஞ்சொலி கேட்பதைப் போன்றதே இது. சப்பான் நாட்டின் டோக்கியோ மாநகரில் குடிநீர்ப் பணியாளர்கள் இரவு நேரங்களில் இவ்வாறு கேட்டுக்கொண்டே தெருத்தெருவாகச் செல்வது இன்றும் வழக்கம். அம்மாநகரின் குழாய்களில் கசிந்து வீணாகும் நீர் 5 விழுக்காட்டிற்கும் குறைவு.

பழைய இரும்புக் குழாய்களில் ஓசை நன்கு கேட்கும். பி.வி.சி. குழாயும் கறுப்பு ஓஸும் ஓசையை விழுங்கிவிடும். சில மீட்டருக்குள்ளேயே அது அடங்கிவிடும். ஆதலால் அத்தகைய குழாய்களில் குறைந்த இடைவெளிகளில் வைத்துக் கேட்க வேண்டும். மழை பெய்யும்போதும், அருகில் ஓடை இரையும்போதும் பயனில்லை.

இக்காலத்தில் செவிக்குப் பதிலாக இரண்டு ஒலியுணர் கருவிகளைக் குழாயின் இரு முனைகளில் பொருத்திக் கணக்கிடுகின்றனர். அதன் கணிதம் எளியது. எட்டாம் வகுப்பு மாணவரும் செய்யலாம். இரு கருவிகளுக்கும் இடையே 100 மீட்டர் தொலைவு. நீர் நிறைந்த இரும்புக் குழாயில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1200 மீட்டர் செல்லும். கசிவின் ஓசை இரண்டாம் கருவியை விட முதற்கருவியை 0.02 நொடி முன்னதாக அடைகிறது. அந்த நேரத்தில் ஒலி 24 மீட்டர் சென்றிருக்கும். எனவே கசிவு முதற்கருவிக்கு 24 மீட்டர் நெருக்கமாக உள்ளது. 100 மீட்டரில் 24 மீட்டரைக் கழித்தால் 76; அதில் பாதி 38. முதற்கருவியிலிருந்து 38 மீட்டர் தொலைவில் தோண்ட வேண்டும்.

ஓசையே எழாத மென்கசிவுகளுக்கு வேறு வழி உண்டு. குழாயிலுள்ள நீரை வடித்துவிட்டு, 5 பங்கு ஹைட்ரஜனும் 95 பங்கு நைட்ரஜனும் கலந்த வளியைச் செலுத்துவர். இக்கலவை தீப்பற்றாது. மிக இலேசான ஹைட்ரஜன் ஓட்டையின் வழியே வெளியேறி மண்ணைத் துளைத்து மேலெழும். தரையில் வைத்த கருவி அதை முகர்ந்து காட்டும்.

கேட்காத கசிவின் விலை

கசிவால் இழப்பது நீர் மட்டுமன்று. பல ஊர்களில் குழாயில் நீர் எந்நேரமும் இருப்பதில்லை. காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை எனவே வரும். நீர் நின்றபின் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகும்போது, வெளியே கசிந்து சாக்கடையோடு கலந்து தேங்கிய அழுக்கு நீர் அதே ஓட்டை வழியே உள்ளே இழுக்கப்படும். அடுத்த வேளை குழாயைத் திறக்கும் முதல் வீட்டார் அதைக் குடிக்க நேரும். நீர் முதலில் கலங்கி வருவதும் மண்வாடை வீசுவதும் கசிவுக்கு அறிகுறிகளாகும்.

மலைச்சரிவில் இதைவிடப் பெரிய கேடும் உண்டு. ஹாங்காங் நகரின் மேற்குப் பகுதியில் குவுன் லுங் லாவ் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பு மலைச்சரிவை ஒட்டி அமைந்துள்ளது. அதன் கீழே மண்ணைத் தாங்கி நின்ற பழைய கற்சுவர் ஒன்று 1994 ஆம் ஆண்டு சூலை 23 ஆம் நாள், கனமழையை அடுத்துச் சரிந்து விழுந்தது. ஐவர் உயிரிழந்தனர். கனடா நாட்டு நிலப்பொறியியல் அறிஞர் நார்பர்ட் மார்கன்ஸ்டர்ன் காரணத்தை ஆராய்ந்தார். சுவர் எண்ணியதைவிட மெல்லியதாக இருந்தது. அதன் பின்னால் புதைந்திருந்த மழைநீர் வடிகால், கழிவுநீர்க் குழாய் ஆகியவை பழுதுற்று, உள்ளுக்குள்ளேயே மண்ணை நனைத்து வந்திருந்தன. சுவரைப் பார்த்தவர்க்கு அது தெரியவில்லை. அதன்பின் ஹாங்காங்கில் சரிவுகளை ஒட்டிப் புதைந்துள்ள குழாய்களையும் காலந்தோறும் ஆய்வு செய்யும் நடைமுறை வலுப்பெற்றது.

மூணாற்றுக்கு அருகே பெட்டிமுடியில் 2020 ஆம் ஆண்டு ஆகத்து 6 ஆம் நாள் இரவு நிகழ்ந்த நிலச்சரிவில் லயங்கள் புதைந்து எழுபது உயிர்கள் பறிபோயின. அது வரலாறு காணாத மழையால் நேர்ந்தது. குழாய்க் கசிவால் அன்று. ஆயினும் மண் நீரை உண்டு கனத்து, தன் பிடிப்பை இழப்பது இரண்டு இடங்களிலும் ஒன்றே. மண்ணுக்குள் நீர் ஓடி ஓடி, எலி வளை போன்ற சுரங்கங்களை அரித்துவிடுவதும் உண்டு. கேரளத்தின் மலைநாட்டில், இடுக்கி உட்பட, இத்தகைய அரிப்பைத் திருவனந்தபுரத்திலுள்ள தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் ஆராய்ந்துள்ளது. வீட்டின் பின்புறத்து மேட்டில் புதிதாக ஓர் ஊற்று தோன்றினாலோ, தெளிந்து வந்த நீர் கலங்கி வந்தாலோ, தரையில் வெடிப்பு கண்டாலோ, உடனே பெரியவர்களுக்கும் ஊராட்சிக்கும் தெரிவிக்க வேண்டும். கலங்கல் என்பது நீரோடு மண்ணும் வெளியேறுகிறது என்பதன் அடையாளம்.

இடுக்கி மாவட்டத்திலேயே, கசிவை நாள்தோறும் அளக்கும் ஓரிடம் உண்டு. அது 1895 ஆம் ஆண்டில் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை. கல்லாலும் கற்காரையாலும் கட்டிய அணையில் சிறிதும் கசிவே இல்லாமல் இருத்தல் அரிது. ஆகவே அணையின் உள்ளே அமைந்த சுரங்க நடைவழியில் கசிவுநீர் திரட்டப்பட்டு, நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் என்று அளக்கப்படுகிறது. நீர்த்தேக்கத்தின் மட்டம் உயர்ந்தால் கசிவும் சிறிது உயர்வது இயல்பு. மட்டம் உயராமலே கசிவு உயர்ந்தால் அதற்குக் காரணம் தேட வேண்டும். அணையைப் பற்றித் தமிழகமும் கேரளமும் கொண்டுள்ள கருத்துகள் வேறு வேறு. எனினும் கண்காணிப்புக் குழுவில் இரு மாநிலப் பொறியாளர்களும் அந்நடைவழியில் ஒன்றாக நின்று ஒரே அளவைக் குறிக்கிறார்கள்.

தோண்டிய பின்

இடம் தெரிந்ததும் கடப்பாரையால் ஓங்கிக் குத்துதல் கூடாது. பழைய குழாய் மேலும் உடையும். மேல்மண்ணை மண்வெட்டியால் எடுத்து, குழாய் நெருங்கியதும் கையால் விலக்க வேண்டும். துருப்பிடித்த பகுதியை அறுத்து நீக்கிப் புதுத்துண்டு இணைக்கலாம். சிறு துளையாயின் ரப்பர் பட்டை வைத்துக் கிளாம்பு இறுக்கலாம். குழியை உடனே மூடாமல் நீரைத் திறந்துவிட்டுப் பார்ப்பது அனுபவமுள்ள பணியாளரின் வழக்கம்.

அன்றிரவு மீண்டும் எல்லா வீடுகளிலும் குழாய்களை மூடி, தொட்டியில் கோலை நிறுத்த வேண்டும். பெரிய ஓட்டை அடைபட்டதும் குழாயில் அழுத்தம் கூடும். அதுவரை அடங்கியிருந்த வேறொரு தளர்ந்த இணைப்பு அப்போது கசியத் தொடங்குவதும் உண்டு. பத்து மணிக்குக் குறித்த கோட்டிற்கும் நான்கு மணிக்குக் குறித்த கோட்டிற்கும் இடையே இம்முறை 3 சென்டிமீட்டர் இருந்தால், ஆறு மணி நேரத்தில் 180 லிட்டர். மறுநாள் இரவு மேல்வரிசை வால்விலிருந்து தேடத் தொடங்கலாம்.

சொற்பொருள்

லயம் – தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடு
துப்பு – கண்டறிய உதவும் அடையாளம்
ஐயுறுதல் – சந்தேகம் கொள்ளுதல்
புழக்கடை – வீட்டின் பின்புறம்
வளி – வாயு
கற்காரை – சுண்ணாம்பு முதலியவற்றோடு கல் கலந்த கட்டுமானக் கலவை

விடை எழுதுக

1. கீழ்வரிசையில் ஈரம் தெரிந்தும் ஓட்டை நடுவரிசைக் குழாயில் இருந்தது ஏன்?

2. தொட்டியின் நீளம் 4 மீட்டர், அகலம் 2 மீட்டர். இரவு ஐந்து மணி நேரத்தில் நீர்மட்டம் 5 சென்டிமீட்டர் இறங்கியது. ஒரு நாளில் வீணாகும் நீர் எத்தனை லிட்டர்?

3. நும் வீட்டில் நீர்மானி இருப்பின், உறங்கச் செல்லுமுன் அதன் எண்ணைக் குறித்துக்கொள்க. எவரும் நீர் பயன்படுத்துமுன் காலையில் மீண்டும் குறித்து, வேறுபாட்டை வகுப்பில் கூறுக.